மலை ஏன் சரிகிறது, லயம் ஏன் அங்கே இருக்கிறது

2009 நவம்பர் 10ஆம் தேதி நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. அதையொட்டிய சில நாட்களில் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பத்தாண்டு கழித்து, 2019 ஆகஸ்டில், அதே மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அங்கேயும் சோலையும் புல்வெளியுமான சரிவுகள் ஏராளமான இடங்களில் பிய்த்துக்கொண்டு இறங்கின. ஆனால் மாவட்டத்தில் இறந்தவர்களின் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்தில் நின்றது.

மழையின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. மண்ணும் பாறையும் ஒரே மலைத்தொடரைச் சேர்ந்தவை. வேறுபட்டது சரிவின் கீழே என்ன இருந்தது என்பதுதான். அவலாஞ்சியைச் சுற்றி மின்வாரியக் குடியிருப்பும் சில சிற்றூர்களும் போக மீதி காடு. கேத்தி, குன்னூர், கோத்தகிரிப் பக்கமோ சரிவை வெட்டிச் சமப்படுத்திய வீடுகள், சாலைகள், தேயிலை, காய்கறித் தோட்டங்கள் என்று நெருக்கமாக மனிதர்கள்.

பேரிடர் ஆய்வில் கடந்த அரை நூற்றாண்டாகச் சொல்லப்பட்டுவரும் விஷயம் இது. மழை, நிலநடுக்கம், புயல் எல்லாம் இயற்கை தரும் ஆபத்துகள். அவை எத்தனை உயிரை எடுக்கும் என்பதை இயற்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆபத்து வரும் பாதையில் யார் இருக்கிறார்கள், அவர்களால் விலகிப் போக முடியுமா, அடிபட்டால் எழுந்து நிற்க அவர்களிடம் என்ன இருக்கிறது என்ற கேள்விகளுக்கான விடையும் சேர்ந்துதான் சாவுக் கணக்கு வருகிறது. சொல்லக் கேட்டால் எளிதாகத்தான் இருக்கும். ஒரு குறிப்பிட்ட மலையில், ஒரு குறிப்பிட்ட லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பொருத்திப் பார்க்கும்போதுதான் அது எவ்வளவு சங்கடமான உண்மை என்று புரியும்.

பொருத்திப் பார்க்கத் தமிழர்களுக்கு வேறெங்கும் போகவேண்டியதில்லை. 2014இல் இலங்கையின் மீரியபெத்த. 2020இல் மூணாறு அருகே பெட்டிமுடி. 2024இல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் இலங்கை மலையகம். இவை எல்லாம் தேயிலை மலைகள். இறந்தவர்களில் தோட்டத் தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். முதல் இரண்டு இடங்களிலும் புதைந்தவை ஏறக்குறைய முழுக்கத் தமிழ்க் குடும்பங்கள். இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

மண்ணுக்குள் நடப்பது

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கை மலையகத்திலும் அடியில் இருப்பது மிகப் பழைய, கெட்டியான பாறை. கோடிக்கணக்கான ஆண்டு வெயிலிலும் மழையிலும் அதன் மேல்பகுதி உளுத்து மண்ணாகியிருக்கிறது. சில இடங்களில் அந்த மண் ஒரு மீட்டர் கனம், சில இடங்களில் பத்து மீட்டருக்கும் மேல். மண்ணும் பாறையும் சேரும் இடத்தில் பல மலைகளில் வழுவழுப்பான களிப்படலம் ஒன்று இருக்கும். மேலிருந்து இறங்கும் நீர் அந்தப் படலத்தைத் தாண்டிக் கீழே போக முடியாமல் அங்கேயே தேங்கும்.

சரிவில் மண் நிற்பதற்குக் காரணம் துகளுக்கும் துகளுக்கும் இடையிலான உராய்வும், கொஞ்சம் வேர்ப்பிடிப்பும். கடற்கரையில் ஈர மணலில் கட்டிய கோபுரம் நிற்கும். அதே மணலில் இன்னும் இரண்டு வாளி தண்ணீரை ஊற்றினால் கோபுரம் குழம்பாகி ஓடும். மலையிலும் அதேதான் நடக்கிறது. துளைகளில் காற்று இருந்த இடமெல்லாம் நீர் நிறைந்து, அந்த நீரின் அழுத்தம் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளத் தொடங்கும்போது உராய்வு போய்விடுகிறது. கூடவே எடையும் ஏறுகிறது. நீர் நிறைந்த மண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய இரண்டு டன் இருக்கும். கேத்தியில் பெய்த 82 சென்டிமீட்டரை ஒரு ஹெக்டேர் நிலத்துக்குக் கணக்குப் போட்டால் 82 லட்சம் லிட்டர். அதில் ஒரு பகுதி ஓடையில் ஓடிப்போனாலும் மீதி மண்ணுக்குள்தான்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சரிவு எங்கே வேண்டுமானாலும் வருவதில்லை. மலைமுகட்டின் கீழே கிண்ணம்போல் குழிந்த பகுதிகளில்தான் நிலத்தடி நீரும் கூடும், மேலிருந்து உதிரும் மண்ணும் சேரும். நூறு, இருநூறு ஆண்டுகளாகச் சேர்ந்த மண் ஒரு பெருமழையில் மொத்தமாகக் கழன்று, கீழே இருக்கும் ஓடையின் பள்ளத்தையே பாதையாகப் பிடித்துக்கொண்டு இறங்கும். வழியில் பாறையையும் மரத்தையும் அள்ளிக்கொள்ளும். கார் வேகத்தில் வரும் அந்தக் குழம்புக்கு முன் ஓடித் தப்புவது நடவாத காரியம். மலையடியில் சரிவு தணியும் இடத்தில் அது விசிறிபோல் பரவி நிற்கும். ஆண்டுகள் போக, அந்த விசிறியில் புல் முளைக்கும், மரம் வளரும். பக்கத்திலேயே ஓடை. மலைப் பிரதேசத்தில் கிடைப்பதற்கரிய சமதளம். வீடு கட்டக் கண்ணுக்கு உகந்த இடம் அதுதான்.

லயம் போட்ட இடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் முதலில் காப்பிக்காகவும், 1870களில் இலைநோயில் காப்பி அழிந்தபின் தேயிலைக்காகவும் காடு வெட்டப்பட்டது. திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டிப்போனார்கள். மூணாறு, வால்பாறை, நீலகிரி, வயநாடு என எல்லா மலைக்கும் ஏறக்குறைய இதே கதை. ஆள் வந்ததும் தங்க இடம் வேண்டுமே. பத்துக்குப் பத்து, பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா (அறை), முன்னால் சிறு இஸ்தோப்பு (திண்ணை), அதேபோல் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் ஒட்டிக்கொண்டு ஒரு வரிசை. அதுதான் லயம்.

அதை எங்கே கட்டுவது என்பதில் தோட்டத் துரைமாரின் கணக்கு எளிமையானது. காற்றோட்டமும் காட்சியும் உள்ள மேடு பங்களாவுக்கு. கொழுந்து நன்றாக வரும் சரிவு தேயிலைக்கு. தேயிலைக்கு உதவாத, ஓடைத் தண்ணீர் பக்கத்தில் இருக்கிற பள்ளம் லயத்துக்கு. யாரையும் கொல்ல நினைத்து அவர்கள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. விளைச்சலும் தண்ணீரும்தான் கணக்கில் இருந்தன, மேலே இருக்கும் குழிவு கணக்கில் இல்லை. இன்றும் தேயிலை மலைகளில் பயணம் போகிறவர்கள் பங்களாவும் லயமும் எங்கெங்கே நிற்கின்றன என்று ஜன்னல் வழியாகக் கவனித்தால் இது தெரியும்.

காடு போனதன் விளைவு உடனே தெரிவதில்லை. வெட்டிய மரத்தின் வேர் மண்ணுக்குள் சில ஆண்டுகள் பிடித்துக்கொண்டிருக்கும். அது மக்கிய பிறகுதான் பிடிப்பு போகும். அதற்கு ஈடாகத் தோட்டங்கள் கான் என்னும் வடிகால்களை வெட்டின. சரிவுக்குக் குறுக்கே வெட்டிய அந்தக் கான்கள் மழைநீரை மண்ணில் இறங்கவிடாமல் ஓடைக்குக் கொண்டுபோகும். கான் வெட்டுவதும் தூர்வாருவதும் தோட்ட வேலையின் முக்கியப் பகுதியாக ஒரு காலத்தில் இருந்தது. செலவைக் குறைக்க நினைக்கும் நிர்வாகம் முதலில் கைவைப்பது இதுபோன்ற, கொழுந்து தராத வேலைகளில்தான். தூர்ந்த கானில் நீர் தேங்கி அங்கேயே மண்ணுக்குள் இறங்கும். கான் இல்லாத சரிவைவிடத் தூர்ந்த கான் உள்ள சரிவுதான் மோசம் என்று சொல்லலாம்.

மீரியபெத்த: எச்சரிக்கை இருந்தது

2014 அக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லாந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்த தோட்டத்தில் மலை இறங்கியது. லய வரிசைகள், கோயில், கடை எல்லாம் மண்ணுக்கடியில் போயின. முதல் நாள் செய்திகளில் நூற்றுக்கணக்கானோர் என்று வந்தது. பிறகு அரசுக் கணக்கு நாற்பதுக்கும் கீழே இறங்கியது. பிள்ளைகள் பலர் தப்பியதற்கு ஒரே காரணம், அவர்கள் பள்ளிக்கூடம் போய்விட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை.

அந்த மலை சரியக்கூடியது என்று இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தது. விபத்துக்குப் பின் அமைச்சர்களும் அதிகாரிகளும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: நாங்கள் போகச் சொன்னோம், அவர்கள் போகவில்லை.

போகவில்லை என்பது உண்மைதான். எங்கே போவது? லயத்துக் காம்பரா தொழிலாளியின் சொத்து அல்ல. அது தோட்டத்துக்குச் சொந்தம், வேலை பார்க்கும்வரை இருக்கலாம். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் எண்ணிப் பிரித்து இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கு போடப்பட்டு, குடியுரிமைச் சிக்கல் தீரவே நாற்பது, ஐம்பது ஆண்டுகள் காத்திருந்த சமூகம் அது. வெளியே ஒரு துண்டு நிலம் வாங்கத் தினக்கூலியில் வழியில்லை. காலையில் மஸ்டருக்கு, அதாவது வருகைப் பதிவுக்கு, நேரத்துக்குப் போகாவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான், போடுவார்கள். இந்த நிலையில் ‘இங்கிருந்து போய்விடுங்கள்’ என்று ஒரு தாள் வருகிறது. எந்த இடத்துக்கு, யார் கட்டிய வீட்டுக்கு, எப்போதிலிருந்து என்பது அந்தத் தாளில் இல்லை. அப்படிப்பட்ட தாளை எச்சரிக்கை என்று கணக்கில் எடுப்பதே எனக்கு உடன்பாடில்லை. பொறுப்பைக் கைமாற்றிவிட்டதற்கான ரசீது என்றுதான் அதைச் சொல்லத் தோன்றுகிறது.

தப்பியவர்கள் பக்கத்தில் மாகல்தெனியவில் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையில் தங்கவைக்கப்பட்டார்கள். புது வீட்டுச் சாவி கைக்கு வர இரண்டு ஆண்டுகள் ஆயின. 2023 மார்ச்சில் அதே பூனாகலை வட்டாரத்தில் கபரகலை தோட்டத்தில் மறுபடி மண் சரிந்து லயங்கள் போனபோது, வீடிழந்தவர்களைத் தங்கவைத்ததும் அதே பழைய தொழிற்சாலையில்தான்.

பெட்டிமுடி: இரவு பத்தே முக்கால்

2020 ஆகஸ்ட் 6 இரவு. இடுக்கி மாவட்டம், ராஜமலைக்கு அப்பால் நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடிப் பிரிவு. நான்கு லய வரிசைகளின் மேல் மலையின் ஒரு பகுதி இறங்கியது. எழுபது பேர் இறந்தார்கள். அவர்களில் நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. பெரும்பாலானவர்களின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்தின் கயத்தாறு பக்கம்.

மீரியபெத்தவுடன் இதை ஒப்பிடும்போது ஒரு வித்தியாசம் உறைக்கிறது. அங்கே சரிவு வந்தது காலையில், பள்ளி தொடங்கிய நேரத்தில். இங்கே எல்லோரும் படுத்துவிட்ட பிறகு. அதோடு அது கொரோனா ஆண்டு. வெளியூர்ப் பள்ளி, கல்லூரி, விடுதிகளில் படித்த பிள்ளைகளும் மூடலில் ஊர் திரும்பி லயத்தில் இருந்தார்கள். மலைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் ஒரு சரிவு எத்தனை பேரைக் கொல்லும் என்பதில் கிழமையும் மணியும்கூடப் பங்கு வகிக்கின்றன.

பல நாட்களாக மின்சாரம் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. தப்பியவர்கள் இருட்டில் மழையில் நடந்துபோய்த்தான் சொல்ல வேண்டியிருந்தது. வெளியுலகுக்குச் செய்தி எட்டியது மறுநாள் காலையில். மூணாறிலிருந்து வரும் வழியில் பெரியவரைப் பாலம் வெள்ளத்தில் சேதமாகியிருந்ததால் ஆம்புலன்சும் இயந்திரங்களும் தாமதமாயின. புதைந்தவரை உயிரோடு எடுக்க வாய்ப்புள்ள முதல் சில மணிநேரம் அப்படியே போய்விட்டது. கைபேசிக் கோபுரம் ஒன்றும் உறுதியான பாலம் ஒன்றும் இருந்திருந்தால் எழுபது என்பது எழுபதாகவே இருந்திருக்குமா என்ற கேள்விக்கு நேரான பதில் யாராலும் சொல்ல முடியாது. குறைந்திருக்கும் என்று நம்ப இடமிருக்கிறது. தேடுதல் நாட்கணக்கில் நீண்டது. குவி என்ற வளர்ப்பு நாய், தான் கூடவே திரிந்த இரண்டு வயதுக் குழந்தையின் உடல் ஆற்றில் மரத்தடியில் சிக்கியிருந்த இடத்தை மோப்பம் பிடித்துக் காட்டியது அப்போது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது.

மறுநாள் மாலை கோழிக்கோடு கரிப்பூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 21 பேர் இறந்தார்கள். விமான விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குக் கேரள அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. பெட்டிமுடிக்கு 5 லட்சம். இரண்டும் ஒரே அரசு, ஒரே வாரம். இந்த வித்தியாசத்தை மூணாறில் இன்றும் மறக்காமல் சொல்வார்கள். ஒன்று விபத்து, மற்றது இயற்கைச் சீற்றம் என்ற பாகுபாடு வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை, அது ரூபாயிலும் இறங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முண்டக்கை: காடழிப்பைக் குற்றம் சொல்ல முடியாத இடம்

நிலச்சரிவு என்றாலே குவாரியும் ரிசார்ட்டும் காடழிப்பும்தான் காரணம் என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. பல இடங்களில் அது சரி. 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் நடந்ததை அப்படி எளிதாக முடித்துவிட முடியாது. இஸ்ரோ எடுத்த செயற்கைக்கோள் படங்களின்படி சரிவு தொடங்கியது கடல்மட்டத்திலிருந்து 1,550 மீட்டர் உயரத்தில். அங்கே குவாரி இல்லை, தேயிலை இல்லை, இருந்தது காடு. ஏறக்குறைய 86,000 சதுர மீட்டர் நிலம் கழன்று, ஆற்றுப் பள்ளத்தில் எட்டுக் கிலோமீட்டர் ஓடியது. புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை என்று வழியில் இருந்த ஊர்களை அள்ளிக்கொண்டு போனது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக ஏறக்குறைய 300 பேர். தோட்டத் தொழிலாளர்கள் இருந்த, அங்கே பாடி எனப்படும் லயங்களும், பள்ளிக்கூடமும், சொந்தமாக ஐந்து பத்து சென்ட் வாங்கிக் கட்டிய வீடுகளும் சரிவு அள்ளிப்போனவற்றில் அடக்கம்.

காலநிலை மாற்றத்தின் பங்கை ஆராய்ந்த உலக வானிலை நிகழ்வு ஆய்வுக்குழு, அன்றைய மழை சுமார் பத்து சதவீதம் கூடுதலாகப் பெய்ததற்குப் புவி வெப்பமடைதல் காரணம் என்று மதிப்பிட்டது. அதை ஏற்றுக்கொண்டாலும் சாவுக் கணக்கில் நம் பங்கு இல்லாமல் போய்விடாது. ஏனென்றால் அதே முண்டக்கையில் 1984இல் நிலச்சரிவு வந்து 14 பேர் இறந்திருக்கிறார்கள். 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி, மலைக்கு மறுபுறம் என்று சொல்லத்தக்க தூரத்தில், புத்துமலையில் 17 பேர் இறந்தார்கள். 2024இல் அடையாளம் தெரியாத உடல்களைப் புதைக்க இடம் தேடியபோது கிடைத்தது அந்தப் புத்துமலைதான். ஆகவே ‘எதிர்பாராத’ என்ற அடைமொழியை வயநாட்டுக்குப் பயன்படுத்துவது தவறு.

எச்சரிக்கை வந்ததா என்பதில் தில்லிக்கும் திருவனந்தபுரத்துக்கும் பெரிய சண்டை நடந்தது. முன்கூட்டியே எச்சரித்தோம் என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா நாடாளுமன்றத்தில் சொன்னார். சரிவுக்கு முன் வந்தது ஆரஞ்சு எச்சரிக்கை மட்டுமே, சிவப்பு வந்தது எல்லாம் முடிந்த காலையில்தான் என்று முதல்வர் பினராயி விஜயன் மறுத்தார். இந்தச் சண்டையைவிட எனக்கு முக்கியமாகப்பட்டது கல்பற்றாவில் இயங்கும் ஹியூம் மையம். மாவட்டம் முழுக்க விவசாயிகள், ஆர்வலர்கள் வீட்டு முற்றத்தில் மழைமானி வைத்து, தினமும் அளவு வாங்கித் தொகுக்கிற சிறிய நிறுவனம் அது. முண்டக்கைப் பக்கத்து மழையளவைப் பார்த்து, முதல் நாள் காலையிலேயே ஆபத்து என்று மாவட்ட நிர்வாகத்துக்குச் சொல்லியிருந்தார்கள். மாவட்டம் முழுமைக்குமான வானிலை எச்சரிக்கையால் சொல்ல முடியாததை, அந்தப் பள்ளத்தாக்கிலேயே இருந்த மழைமானி சொன்னது.

அளவுகோலும் ஆறு அங்குலமும்

அரசுகளிடம் வரைபடங்கள் இல்லாமல் இல்லை. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் சரியக்கூடிய மலைப்பகுதிகளை 1:50,000 அளவில் வரைந்திருக்கிறது. அந்த அளவில் நிலத்தின் 50 மீட்டர் தாளில் ஒரு மில்லிமீட்டர். பத்துக் காம்பரா லயம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. தாலுகா முழுக்கச் சிவப்பாக இருக்கும் படத்தை வைத்துக்கொண்டு எந்த லயத்தைக் காலி செய்வது என்று எந்த வட்டாட்சியராலும் முடிவெடுக்க முடியாது. ஒரு குழிவையும் அதன் கீழுள்ள ஓடையையும் நடந்துபோய்ப் பார்த்துப் பெரிய அளவில் வரைகிற வேலை தனி. அதற்கு ஆளும் காலமும் வேண்டும்.

இலங்கையின் முறை இந்த விஷயத்தில் நடைமுறைக்கு நெருக்கமானது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பாக இரு, 100 தாண்டினால் புறப்படத் தயாராக இரு, 150 தாண்டினால் வெளியேறு. 150 மில்லிமீட்டர் என்றால் ஆறு அங்குலம். ஒரு நேர்ச்சுவர்ப் பாத்திரத்தைத் திறந்தவெளியில் வைத்து அளவுகோலால் அளந்தால் லயத்தில் இருக்கும் யாருமே பார்த்துவிடலாம். அந்த எண்ணும் எல்லா மலைக்கும் பொருந்தாது; மூன்று வாரம் தொடர்ந்து நனைந்த மண்ணுக்கு 80 போதும், வறண்ட மண்ணுக்கு 200 தேவைப்படலாம். இருந்தாலும் தொலைக்காட்சியில் நிறம் மாறும்வரை காத்திருப்பதைவிட மேல்.

மழையளவு தவிர மலையே சில அறிகுறிகளைக் காட்டும். தரையிலும் சுவரிலும் புது வெடிப்பு விழும், பழைய வெடிப்பு அகலமாகும். நேற்றுவரை ஒழுங்காகச் சாத்திய கதவு நிலையில் முட்டும். தேயிலை வரிசை ஓரிடத்தில் வளைந்து தெரியும். இதுவரை ஊற்றே இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பும், தெளிந்து வந்த ஊற்று கலங்கி வரும். இவற்றில் மிக அவசரமானது ஒன்று: கொட்டும் மழையில் ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைந்தால், மேலே எங்கோ மண் விழுந்து அடைத்திருக்கிறது என்று பொருள். அடைப்பு உடைவதற்குள் ஓடைக்கரையை விட்டு, கீழ்நோக்கி அல்ல, பக்கவாட்டில் மேட்டுக்குப் போக வேண்டும். மழை நின்றுவிட்டது என்று திரும்புவதும் ஆபத்து. மண்ணுக்குள் இறங்கிய நீர் அடிவரை போய்ச்சேர மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் ஆகும்.

லயத்துப் பெரியவர்களுக்கு இவற்றில் பாதிக்குமேல் தெரியும். தெரிந்திருந்தும் இரவில் எழுந்து, கைக்குழந்தையையும் நடக்க முடியாத கிழவியையும் கூட்டிக்கொண்டு மழையில் எங்கே போவது என்பதுதான் பிரச்சினை. பள்ளிக்கூடமோ, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவோ, கோயில் மண்டபமோ திறந்திருக்க வேண்டும், அது பாதுகாப்பான மேட்டில் இருக்க வேண்டும், மறுநாள் வேலைக்குப் போகாததற்குச் சம்பளம் வெட்டக் கூடாது. மூன்று முறை போய் மூன்று முறையும் ஒன்றும் நடக்காமல் திரும்பி, ஒவ்வொரு முறையும் அன்றைய கூலி போனால், நான்காம் முறை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அந்தச் சம்பளத்தை யார் தருவது என்பதும் பேரிடர் மேலாண்மையின் ஒரு பகுதிதான், மழைமானியைப் போலவே.

இயற்கையா, செயற்கையா

2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்பு மீதொட்டமுல்லவில் குப்பைமலை சரிந்து 32 பேர் இறந்தார்கள். அதை யாரும் இயற்கைப் பேரிடர் என்று சொல்லவில்லை. குப்பையை அங்கே கொட்டியது மனிதர்கள். ஆனால் சரிந்த விதத்தைப் பார்த்தால் மேலே சொன்ன அதே இயற்பியல்தான்: சரிவு, நீர், அழுத்தம், அடிவாரத்தில் ஏழை வீடுகள். மீரியபெத்தவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், மேலே இருந்த குவியலை உருவாக்கியது யார் என்பது மட்டும்தான். கீழே வீடு வந்த கதை இரண்டிலும் மனிதக் கதை.

இந்தியாவின் 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம், இயற்கைக் காரணம், மனிதக் காரணம், விபத்து, அலட்சியம் எல்லாவற்றையும் ஒரே வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டது. சட்டம் எழுதியவர்கள் தெளிவாகத்தான் இருந்தார்கள். நடைமுறையில் மட்டும் ‘இயற்கை’ என்ற முத்திரை விழுந்தால் நிவாரணத்தோடு கோப்பு மூடப்படுகிறது. விசாரணை, பொறுப்பு, வழக்கு எதுவும் தொடர்வதில்லை. ‘மனிதத் தவறு’ என்று சொல்லிவிட்டால் ஒரு பொறியாளரையோ மேலாளரையோ பிடித்துக் கொடுப்பதோடு முடிகிறது. நூறாண்டு முன்னால் லயத்துக்கு இடம் பார்த்த துரையை எந்த நீதிமன்றத்துக்கும் கூட்டிவர முடியாது. அந்த லயத்தை அதே இடத்தில் வைத்துக்கொண்டு வருவது இன்றைய கம்பெனிகளும் அரசுகளும்.

2025 நவம்பர் 28 அன்று இலங்கையில் கரையேறிய டித்வா புயலில் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவே பெரிய எமனாக இருந்தது. 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கும் மேல், அதாவது வெளியேறச் சொல்லும் அளவைப்போல் இரு மடங்கு பெய்த இடங்கள் உண்டு. சிங்களக் கிராமங்களும் தமிழ்த் தோட்டங்களும் சேர்ந்தே புதைந்தன. அதன்பின் வந்த கேள்விதான் இரு தரப்புக்கும் வேறு. கிராமத்தில் வீடிழந்தவரிடம் பெரும்பாலும் காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், என்று ஏதோ ஒரு காகிதம் இருக்கும். லயத்தில் வீடிழந்தவர், நான்கு தலைமுறையாக அங்கே இருந்தும், காகிதப்படி இழந்தது எதுவும் இல்லை. பெருந்தோட்டக் காணிகளில் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தமானது, 1990களிலிருந்து கம்பெனிகள் குத்தகைக்கு நடத்துகின்றன. குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ், அதாவது சுமார் 1,900 சதுர அடி, கொடுக்கலாம் என்பது பல ஆண்டுகளாகப் பேசப்பட்டுவரும் அரசுத் திட்டம். உறுதிப்பத்திரம் கைக்கு வந்தவர்கள் குறைவு.

மூணாறிலும் நிலை அதிகம் வேறல்ல. ஓய்வுபெற்றால் லயத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதால், வீட்டைக் காப்பாற்றவே மகனோ மருமகளோ தோட்ட வேலையில் பேர் பதிந்துகொள்ளும் குடும்பங்கள் உண்டு. பெட்டிமுடியில் தப்பிய எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியாறு பள்ளத்தாக்கில் அரசு நிலம் ஒதுக்க, தோட்டக் கம்பெனி வீடு கட்டிக் கொடுத்தது. மூணாறுத் தோட்டங்களின் மற்ற தொழிலாளர்களில் பெரும்பாலானோர் வழக்கம்போல் கம்பெனி லயத்தில் இருக்கிறார்கள். ஜூன் மாதம் பிறந்தால் அங்கே மழை தொடங்கிவிடும்.